சின் நோம்ப்ரே - பெயர் இல்லாத வைரஸின் கதை

2025 மார்ச்சில் வந்த ஒரு செய்தி பலருக்கு நினைவிருக்கும். ஹாலிவுட் நடிகர் ஜீன் ஹேக்மேனும் அவர் மனைவி பெட்ஸி அரகாவாவும் அமெரிக்காவின் நியூ மெக்ஸிகோ மாநிலத்தில், சாண்டா ஃபே நகரத்து வீட்டில், பிப்ரவரி கடைசியில் இறந்து கிடந்தார்கள். முதலில் என்னென்னவோ எழுதினார்கள். கேஸ் கசிவு என்றார்கள், கொலையா என்றார்கள். கடைசியில் அந்த மாநிலத்தின் மருத்துவப் புலனாய்வு அலுவலகம் அறிவித்தது: மனைவி இறந்தது ஹண்டா வைரஸ் நுரையீரல் நோயால். ஒரு வாரம் போல் கழித்துக் கணவர் இறந்தது இதய நோயால்.

இங்கே குஜராத்தில் எங்கள் தமிழ்க் குடும்பங்களின் வாட்ஸ்அப் குழுவில் இரண்டு நாள் இதே பேச்சு. "எலியால் நுரையீரல் போகுமா? எலின்னா எலிக்காய்ச்சல்தானே?" என்று ஒருவர் கேட்டார். நான் பி.காம். படித்து வங்கியில் வேலை பார்ப்பவன், டாக்டர் இல்லை. ஆனால் இந்த நோயின் கதை எனக்குப் பல வருடமாகப் பிடித்த கதை. அந்த மருத்துவப் புலனாய்வு அலுவலகம் இருக்கிறதே, 1993-இல் இந்த நோயை முதன்முதலில் உலகம் கண்டுகொள்ளக் காரணமாக இருந்ததும் அதே அலுவலகம்தான். பதிவு கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளவும்.

அமெரிக்காவின் தென்மேற்கில் நியூ மெக்ஸிகோ, அரிசோனா, கொலராடோ, யூட்டா என்ற நான்கு மாநிலங்களின் மூலைகள் ஒரே புள்ளியில் சந்திக்கின்றன. அந்த வட்டாரத்துக்கே 'நான்கு மூலை' என்றுதான் பெயர். செம்மண், வறண்ட மேடுகள், ஆங்காங்கே குட்டையான பைன் மரங்கள். அதன் பெரும்பகுதி நவஹோ என்ற பூர்வகுடி மக்களின் பூமி. ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவே மைல் கணக்கில் வெறும் நிலம். ஆஸ்பத்திரி என்றால் மணிக்கணக்கில் வண்டி ஓட்ட வேண்டும்.

1993 மே 14. நவஹோ இளைஞர் ஒருவர் உறவினர்களோடு காரில் கேலப் என்ற ஊருக்குப் போய்க்கொண்டிருந்தார். இருபது வயதுகூடச் சரியாக ஆகாதவர், ஓட்டப்பந்தய வீரர், நல்ல திடகாத்திரம். போனது தன் வருங்கால மனைவியின் இறுதிச் சடங்குக்கு. வழியில் மூச்சு முட்டியது. வண்டியை நிறுத்தி ஆம்புலன்ஸ் வரவழைத்து கேலப்பில் உள்ள இந்தியன் ஹெல்த் சர்வீஸ் மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். (இந்த 'இந்தியன்' நாம் இல்லை. கொலம்பஸ் செய்த குழப்பம், இன்னும் அரசாங்கப் பெயர்ப் பலகையில் இருக்கிறது.) காப்பாற்ற முடியவில்லை. எக்ஸ்ரேயில் இரண்டு நுரையீரலும் வெள்ளையாக, தண்ணீர் நிரம்பியிருந்தது. ஓடிப் பழகிய இளைஞனின் நுரையீரல்!

நியூ மெக்ஸிகோ சட்டப்படி காரணம் தெரியாத மரணத்தை மருத்துவப் புலனாய்வு அலுவலகத்துக்குச் சொல்லியாக வேண்டும். சொன்னார்கள். அந்த அலுவலகத்தின் கேலப் பகுதி அதிகாரி ரிச்சர்ட் மலோன் வந்தார். வந்தவர் கேட்ட கேள்விதான் கதையின் திருப்பம். இவர் எங்கே போய்க்கொண்டிருந்தார்? வருங்கால மனைவியின் இறுதிச் சடங்குக்கு. அந்தப் பெண் எப்படி இறந்தாள்? இதே மாதிரி, காய்ச்சல் வந்து, மூச்சு முட்டி, சில நாள் முன்பு.

அந்தப் பெண்ணின் மரணம் மலோனுக்கு ஏன் தெரியாமல் போனது? அவள் இறந்தது கிரவுன்பாயிண்ட்டில், நவஹோ பகுதிக்குள் இருந்த மத்திய அரசு மருத்துவமனையில். அங்கே மாநிலச் சட்டம் செல்லாது, தெரிவிக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. எங்கள் பாஷையில் சொன்னால், இரண்டு கிளைகள், இரண்டு லெட்ஜர்கள், ரீகன்சிலியேஷன் செய்ய ஆள் இல்லை. ஒரு பதிவு இந்தப் புத்தகத்தில், அதன் ஜோடி அந்தப் புத்தகத்தில். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்வரை ஒன்றிலும் தப்பு தெரியாது. மலோன் இறுதிச் சடங்கு நடக்கும் இடத்துக்கே போய், துக்கத்தில் இருந்த குடும்பத்தாரிடம் பேசி, போஸ்ட்மார்ட்டத்துக்குச் சம்மதம் வாங்கினார். நவஹோ மரபில் இறந்தவரின் உடலைத் தொடுவது, இறந்தவரின் பெயரைச் சொல்வது எல்லாமே விலக்கு. அந்த நிலையில் ஒப்புக்கொண்ட குடும்பத்தின் பெருந்தன்மையைப் பலரும் எழுதுவதில்லை.

அந்த மருத்துவமனையில் புரூஸ் டெம்பஸ்ட் என்ற மூத்த டாக்டர் இருந்தார். அவர் அக்கம்பக்கத்து மருத்துவமனைகளுக்கெல்லாம் போன் போட்டுக் கேட்டார்: இளம் வயது, ஆரோக்கியமான ஆள், திடீரென்று நுரையீரலில் தண்ணீர் கோத்து இறந்திருக்கிறார்களா? இருந்தார்கள். சேர்த்துப் பார்த்தால் ஐந்து பேர். இந்தியன் ஹெல்த் சர்வீஸைச் சேர்ந்த ஜேம்ஸ் சீக் என்ற டாக்டர் பிற்பாடு சொன்னதன் சாரம் இது: அந்த ஜோடி ஒரே வாரத்தில் நோயில் விழாமல் இருந்திருந்தால், இந்த நோயைக் கண்டுபிடித்தே இருக்க மாட்டோம். தனித்தனியாக இறந்திருந்தால் தனித்தனி 'நிமோனியா' என்று எழுதி மூடியிருப்பார்கள்.

அந்த வட்டாரத்தில் பிளேக் இன்றுவரை அபூர்வமாகத் தலைகாட்டும். அதனால் முதல் சந்தேகம் பிளேக். பரிசோதனையில் இல்லை. ஃபுளூ? இல்லை. விஷ வாயுவா? கேலப் பக்கத்தில் ஃபோர்ட் விங்கேட் என்று ஒரு பழைய ராணுவக் கிடங்கு, அந்த வருடம்தான் மூடியிருந்தார்கள். அங்கிருந்து ஏதோ கசிந்துவிட்டது என்று வதந்தி. போஸ்ட்மார்ட்டத்தில் நுரையீரல்கள் சாதாரண எடையைவிட மிகவும் கனத்தன. உள்ளே இருந்தது சீழ் இல்லை, ரத்தம் இல்லை. தெளிந்த, வைக்கோல் நிறத் திரவம். ரத்தத்தின் நீர்ப்பகுதிதான் நுண்குழாய்களிலிருந்து ஒழுகியிருக்கிறது. மனிதர்கள் கரையில் இருந்தபடியே, தங்கள் ரத்தத்தின் நீரிலேயே மூழ்கியிருக்கிறார்கள்.

மே மாதக் கடைசியில் அட்லாண்டாவில் இருக்கும் சி.டி.சி.க்கு (அமெரிக்க அரசின் நோய்க் கட்டுப்பாட்டு மையம்) மாதிரிகள் போயின. அங்கே தெரிந்த வைரஸ்களின் வரிசையை எடுத்து வைத்துக்கொண்டு நோயாளிகளின் ரத்தத்தை ஒவ்வொன்றோடும் பொருத்திப் பார்த்தார்கள். ஜூன் 4-ஆம் தேதி வாக்கில் விடை தெரிந்தது. யாரும் எதிர்பார்க்காத ஹண்டா வைரஸ்.

ஏன் எதிர்பார்க்கவில்லை என்று புரிய, கொஞ்சம் கொரியாவுக்குப் போக வேண்டும். 1951-53 கொரியப் போரில் ஐ.நா. படையினர் மூவாயிரம் பேருக்கு மேல் ஒரு மர்மக் காய்ச்சலில் விழுந்தார்கள். ரத்தக்கசிவு, பிறகு சிறுநீரகம் செயலிழப்பு. காரணம் கண்டுபிடிக்க இருபது வருடங்களுக்கு மேல் ஆயிற்று. லீ ஹோ வாங் என்ற கொரிய விஞ்ஞானி 1976-இல் ஒரு வயல் சுண்டெலியின் நுரையீரலில் அந்த வைரஸைப் பிடித்தார். பக்கத்தில் ஓடும் ஹண்டான் ஆற்றின் பெயரை வைத்தார். ஆக, 1993-இல் டாக்டர்களுக்குத் தெரிந்த ஹண்டா, ஆசியாவிலும் ஐரோப்பாவிலும் சிறுநீரகத்தைத் தாக்குவது. அமெரிக்காவில் நுரையீரலைத் தாக்கும் ஹண்டா என்று எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லை. புத்தகத்தில் இல்லாததைத்தான் அந்த கிராமப்புற டாக்டர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஹண்டா என்றால் எலி இனம்தான். ஜூன் முதல் ஆகஸ்ட் பாதி வரை, நோய் வந்த வீடுகளைச் சுற்றிப் பொறி வைத்து சுமார் 1,700 சிறு கொறிவிலங்குகளைப் பிடித்தார்கள். அதிகம் அகப்பட்டது 'டியர் மவுஸ்' எனப்படும் சுண்டெலி. முதுகு மான் நிறம், வயிறு வெள்ளை, பெரிய கண்கள், பார்க்க அழகாக இருக்கும். இவற்றில் சுமார் 30 சதவீதத்துக்கு வைரஸ் தொற்று இருந்தது. எலிக்கு ஒன்றும் ஆகாது, ஆயுள் முழுக்கச் சுமந்து திரியும். அதன் சிறுநீர், புழுக்கை, எச்சில் காய்ந்து தூசியாகி, அதை மனிதர் மூச்சில் இழுத்தால் நோய். கடித்துப் பரவுவது அபூர்வம்.

சரி, ஏன் 1993-இல்? சுண்டெலிகள் அங்கே ஆதிகாலம் முதல் இருக்கின்றனவே! இங்கேதான் கதையில் எனக்கு மிகப் பிடித்த பகுதி. பல ஆண்டு வறட்சிக்குப் பிறகு, 1991-92 எல் நினோ வந்து நல்ல மழையும் பனியும் கொட்டியது. பிஞோன் பைன் மரங்கள் காய்த்துத் தள்ளின. தின்னக் கொட்டை கிடைத்தால் சுண்டெலிக்கு என்ன வேலை? நியூ மெக்ஸிகோ பல்கலைக்கழகத்துச் சூழலியலாளர்கள் வேறு ஏதோ ஆராய்ச்சிக்காக வருடா வருடம் எலிகளை எண்ணிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் கணக்கில் 1993 மே மாதம், முந்தைய மே மாதத்தைப் போலப் பத்து மடங்கு சுண்டெலி. யாருக்கும் உபயோகம் இல்லை என்று நினைக்கப்பட்ட எண்ணிக்கை, ஒரே நாளில் எல்லாரும் தேடும் எண்ணிக்கை ஆகிவிட்டது.

இதைக் கணக்கு இல்லாமலே சொன்னவர்களும் இருந்தார்கள், நவஹோ முதியவர்கள். பென் முனேட்டா என்ற நவஹோ டாக்டர் தன் மக்களின் பாரம்பரிய வைத்தியர் ஒருவரிடம் போய்க் கேட்டார். மழை மிகுந்து பிஞோன் கொட்டை அதிகம் விளையும் ஆண்டுகளில் எலி பெருகும், அப்போது இப்படிச் சாவு வரும், முன்பும் வந்திருக்கிறது என்பது பதில். நவஹோ மரபில் சுண்டெலி இரவின், வெளி உலகின் பிராணி. மனிதர் இருப்பிடத்துக்குள் வரக் கூடாது. தானியத்தை அது தொடாமல் பாதுகாக்க வேண்டும். துணி மேல் ஓடினால் அந்தத் துணியை எரித்துவிட வேண்டும். மூடநம்பிக்கை என்று ஒதுக்கியிருக்கக் கூடிய விஷயம். ஆனால் படித்துப் பாருங்கள், ஹண்டா வைரஸ் பற்றிய சுகாதாரத் துறைத் துண்டுப்பிரசுரம் மாதிரியே இருக்கிறது.

அவர்கள் சொன்னதைக் கேட்கப் பொறுமையாக உட்கார்ந்தவர்கள் சிலர்தான். பத்திரிகைக்காரர்கள் செய்தது வேறு. 'நவஹோ ஃபுளூ' என்று தலைப்புப் போட்டார்கள். இறுதிச் சடங்குகளுக்குள் கேமராவோடு நுழைந்தார்கள். இறந்தவர்களின் பெயரை, துக்கம் காக்கும் நான்கு நாட்களுக்குள்ளேயே அச்சிட்டார்கள். நவஹோக்களுக்கு அது உயிர் போகிற வேதனை. லாஸ் ஏஞ்சலிஸில் கடித நண்பர்களைப் பார்க்கக் கிளம்பிய நவஹோ பள்ளிக் குழந்தைகளை 'வராதீர்கள்' என்று சொல்லிவிட்டார்கள். இத்தனைக்கும் இந்த வைரஸ் மனிதரிலிருந்து மனிதருக்குப் பரவுவதே இல்லை. நோயாளிகளில் நவஹோ அல்லாதவர்களும் இருந்தார்கள். விளைவு என்ன ஆயிற்று? கேள்வி கேட்க வந்த டாக்டர்களிடம்கூட மக்கள் வாயை மூடிக்கொண்டார்கள். நோய் எப்படி வந்தது என்று தெரிய அவர்கள் வாயைத் திறந்தாக வேண்டும்!

இந்தப் பகுதியைப் படிக்கும்போதெல்லாம் எனக்குச் சூரத் நினைவு வரும். அடுத்த வருடம், 1994 செப்டம்பரில், அங்கே நிமோனியா பிளேக் என்று செய்தி வந்தது. சில நாளில் லட்சக்கணக்கானவர்கள் ரயிலேறி ஓடினார்கள். ஓடியவர்களில் பெரும்பாலோர் வெளியூரிலிருந்து வந்து தறியிலும் வைரப் பட்டறையிலும் வேலை செய்தவர்கள். வளைகுடா நாடுகள் சில இந்தியாவுக்கு விமானத்தையே நிறுத்தின. நான் அப்போது ஊரில் பள்ளிக்கூடத்துப் பையன். எங்கள் ஊர் டீக்கடையில் "வடக்கேயிருந்து வர்றவனைப் பக்கத்துல விடாதே" என்று பேசியது காதில் இருக்கிறது. இப்போது நானே 'வடக்கே' இருப்பவன் :-)

விஷயத்துக்குத் திரும்பலாம். நோய்க்குக் காரணம் தெரிந்துவிட்டது. ஆனால் ஒரு கிராமத்துச் சிறு மருத்துவமனையில், நள்ளிரவில், காய்ச்சலோடு வரும் ஒருவரைப் பார்த்து 'இது அதுதான்' என்று எப்படிக் கண்டுகொள்வது? வைரஸைக் கண்டுபிடித்ததைவிட இதுதான் கடினம், உயிர் நிற்பதும் இதில்தான். ஏனென்றால் நேரம் மிகக் குறைவு. முதல் மூன்று முதல் ஐந்து நாள் சாதாரணக் காய்ச்சல், உடம்பு வலி. தொடை, இடுப்பு, முதுகு என்று பெரிய தசைகளில் வலி. பலர் டாக்டரிடம் வந்து, பாராசிட்டமால் வாங்கிக்கொண்டு திரும்பிப் போயிருக்கிறார்கள். பிறகு இருமல் தொடங்கும், மூச்சு வாங்கும். அதிலிருந்து ஒரே நாளில் வென்டிலேட்டர் தேவைப்படலாம். விவரமாக ஆராயப்பட்ட முதல் 17 நோயாளிகளில் 13 பேர் இறந்தார்கள்.

டாக்டர்கள் பிறகு பழைய கேஸ் ஷீட்டுகளை எடுத்து, ஹண்டா நோயாளிகளை ஃபுளூ நோயாளிகளோடும், பாக்டீரியா நிமோனியா நோயாளிகளோடும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். கிடைத்தது விசித்திரமான விடை. இருப்பதை மட்டும் பார்த்தால் கண்டுகொள்ள முடியாது, இல்லாததைப் பார்க்க வேண்டும். ஹண்டா நோயாளிக்கு மூக்கு ஒழுகாது, தொண்டை வலி இருக்காது. மருத்துவமனைக்கு வரும்போது பலருக்கு இருமல்கூட இல்லை. நுரையீரல் நோய், ஆனால் இருமல் இல்லை! அதற்குப் பதில் தலைச்சுற்றல், குமட்டல், வாந்தி. வயிற்றுக் கோளாறு என்று நினைக்கும்படி இருக்கும். காய்ச்சலும் உடம்பு வலியும் உண்டு, ஜலதோஷம் மட்டும் இல்லை என்றால் டாக்டர் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார வேண்டும்.

அடுத்தது ரத்தப் பரிசோதனை. டெங்கு பார்த்த நம்மவர்களுக்கு இது எளிதில் புரியும். டெங்குவில் பிளேட்லெட் குறைகிறதா, பி.சி.வி. ஏறுகிறதா என்று தினமும் பார்ப்போமே, அதே இரண்டும் இங்கேயும். காரணமும் கிட்டத்தட்ட ஒன்றுதான். வைரஸ் ரத்த நுண்குழாய்களின் உட்சுவரில் குடியேறுகிறது. சுவரை அது நேரடியாக உடைப்பதில்லை. உடம்பின் எதிர்ப்புச் சக்தி அதை எதிர்த்துக் கொந்தளிக்கும்போது சுவர் கசியத் தொடங்குகிறது. நீர் வெளியே போவதால் மீதி ரத்தம் கெட்டியாகிறது. வித்தியாசம் என்னவென்றால் இங்கே கசிவு நுரையீரலுக்குள்.

நியூ மெக்ஸிகோ நோயியல் நிபுணர்கள் இன்னும் ஒரு படி போய், சாதாரண ரத்தப் பூச்சை மைக்ரோஸ்கோப்பில் பார்த்தே சொல்ல ஒரு வழி வகுத்தார்கள். ஐந்து அடையாளங்கள். பிளேட்லெட் குறைவு, ரத்தம் கெட்டிப்படுதல், முதிராத வெள்ளணுக்கள் தலைகாட்டுதல், ஆனால் பாக்டீரியா நோயில் அந்த அணுக்களில் வழக்கமாகத் தெரியும் அடர்ந்த துகள்கள் இல்லாமை, நிணநீர் அணுக்களில் பத்தில் ஒன்றுக்கு மேல் பருத்து உருமாறியிருத்தல். இவற்றில் நான்கு இருந்தால் ஹண்டா என்றே வைத்துக்கொண்டு பெரிய மருத்துவமனைக்கு அனுப்பு. ஆன்டிபாடி பரிசோதனை முடிவு வெளியூரிலிருந்து வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. ஒரு மைக்ரோஸ்கோப்பும் பழகிய கண்ணும் இருக்கும் சின்ன ஆஸ்பத்திரியிலேயே செய்யலாம். கோடிக்கணக்கில் இயந்திரம் வாங்குவதைவிட இது பெரிய சாதனை என்று எனக்குத் தோன்றுகிறது.

ஏன் சீக்கிரம் அனுப்ப வேண்டும்? இந்த நோய்க்கென்று நிரூபணமான மருந்து கிடையாது. ரிபாவிரின் என்ற மருந்தை முயன்றார்கள், நுரையீரல் வடிவத்தில் பலன் தெரியவில்லை. செய்யக்கூடியது எல்லாம் தாங்கிப் பிடிப்பதுதான். அதிலும் ஒரு கண்ணி உண்டு. பி.பி. குறைந்து வரும் நோயாளிக்குப் பழக்கதோஷத்தில் பாட்டில் பாட்டிலாக டிரிப்ஸ் ஏற்றினால், ஏறிய நீர் எல்லாம் ஒழுகும் நுரையீரலுக்குள்தான் போகும். இதயமும் சோர்ந்துவிடும் என்பதால் கடைசிக் கட்டத்தில் 'எக்மோ' வரை போக வேண்டியிருக்கும். (எக்மோ என்ற சொல் தமிழ்நாட்டில் டீக்கடை வரை தெரிந்தது 2016-இல், காரணம் சொல்ல வேண்டியதில்லை.) அந்த வசதி கிராமத்தில் இருக்காது. சரியான நேரத்தில் ஹெலிகாப்டரில் அனுப்பப்பட்டவர்கள் பிழைத்தார்கள். நுரையீரல் கட்டத்தை எட்டியவர்களில் இப்போது இறப்பு சுமார் 38 சதவீதம். அதிகம்தான், ஆனால் 17-இல் 13 என்பதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

எல்லாவற்றுக்கும் முன்னால் டாக்டர் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. எலி. தொற்று ஏற்பட்டு நோய் தெரிய ஒரு வாரம் முதல் எட்டு வாரம் வரை ஆகலாம். இரண்டு மாதம் முன்பு கொட்டகையைச் சுத்தம் செய்ததை எந்த நோயாளி தானாகச் சொல்வார்? "ரெண்டு மாசத்துல பூட்டிக் கிடந்த ரூம் எதையாவது திறந்து பெருக்கினீங்களா? எலிப்புழுக்கை இருந்ததா?" என்று வாயைத் திறந்து கேட்டால்தான் பதில் வரும். 2012-இல் கலிஃபோர்னியாவின் யோசெமிட்டி தேசியப் பூங்காவில் தங்கிய சுற்றுலாப் பயணிகள் 10 பேருக்கு இந்த நோய் வந்து 3 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் தங்கியது குளிர் தாங்க இரட்டைச் சுவர் வைத்த கூடாரங்களில். அந்த இரண்டு சுவருக்கு நடுவே சுண்டெலிகள் கூடு கட்டியிருந்தன. அவர்கள் வீடு திரும்பி, வெவ்வேறு ஊர்களில், வெவ்வேறு டாக்டர்களிடம் போனார்கள். மறுபடி லெட்ஜர் பிரச்சினை!

ஒரு எச்சரிக்கையையும் சொல்ல வேண்டும். தென் அமெரிக்காவில் ஆண்டெஸ் வைரஸ் என்று இதன் பங்காளி ஒன்று உண்டு. அது மனிதரிலிருந்து மனிதருக்குப் பரவும். அர்ஜென்டினாவின் எபுயேன் என்ற சிற்றூரில் 2018-19-இல் 34 பேருக்கு வந்து 11 பேர் இறந்தார்கள்.

பெயர் வைத்த கதையும் சுவாரஸ்யமானது. 1993 நவம்பரில் வைரஸைத் தனியே வளர்த்தெடுத்தார்கள். வழக்கப்படி ஊர்ப் பெயர் வைக்க வேண்டும். முதலில் 'நான்கு மூலை வைரஸ்' என்றார்கள், அந்த வட்டாரத்தார் ஒப்பவில்லை. பிறகு 'மியூர்ட்டோ கேன்யன்' என்றார்கள். 'மரணப் பள்ளத்தாக்கு' என்று பொருள். 1805-இல் ஸ்பானியப் படை நவஹோக்களைக் கொன்று குவித்த இடத்தின் பெயரும் அதுவே. நவஹோக்கள் கொதித்தார்கள், நியாயம்தானே. கடைசியில் ஸ்பானிய மொழியில் 'சின் நோம்ப்ரே' என்று வைத்தார்கள். பொருள், 'பெயர் இல்லாதது'. பெயர் வைக்கப்பட்டபின் பழைய மாதிரிகளைத் தோண்டினார்கள். 1959-இல் நோயில் விழுந்த யூட்டாவைச் சேர்ந்த 38 வயதுக்காரர் ஒருவருக்கும் இதே நோய்தான் என்று தெரிந்தது. புதிய நோய் இல்லை, புதிதாகக் கண்ணில் பட்ட நோய்.

இதெல்லாம் அமெரிக்காவில், நமக்கென்ன என்று கேட்பீர்கள். நம் ஊருக்கும் இதில் ஓர் இடம் உண்டு, பலருக்குத் தெரியாது. வேலூரில் தொட்டப்பாளையம் என்ற பகுதி. 1964-இல் அங்கே பிடித்த ஒரு மூஞ்சூறிலிருந்து ஆய்வாளர்கள் ஒரு வைரஸைப் பிரித்தெடுத்தார்கள். அப்போது அவர்கள் தேடியது கொசுவால் பரவும் மூளைக்காய்ச்சல் போன்ற கிருமிகளை. அந்த வகையாக இருக்கலாம் என்று கருதி 1971-இல் 'தொட்டப்பாளையம் வைரஸ்' என்று பதிவு செய்தார்கள். அது ஹண்டா குடும்பம் என்று பல ஆண்டு கழித்துத்தான் புரிந்தது. அதாவது, லீ ஹோ வாங் கொரியாவில் தன் வைரஸைப் பிடிப்பதற்குப் பன்னிரண்டு வருடம் முன்பே ஒரு ஹண்டா வைரஸ் வேலூர்க் குப்பியில் இருந்தது. என்னவென்று சொல்லத்தான் அப்போது உலகத்தில் ஆள் இல்லை. இன்று வைரஸ் வகைப்பாட்டில் 'தொட்டிம்வைரஸ்' என்று ஒரு பேரினமே இருக்கிறது. அந்தத் 'தொட்டி' நம் தொட்டப்பாளையம்தான்! உலகத்து வைராலஜி மாணவர்கள் எல்லாம் நாக்கு சுளுக்க உச்சரிக்கிறார்கள் :-) அது மனிதருக்குக் கடும் நோய் தருவதாக நிரூபணம் இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

பின்னர் வேலூர் சி.எம்.சி. ஆய்வாளர்கள் எலியோடு அதிகம் புழங்குகிறவர்களின் ரத்தத்தைப் பரிசோதித்தார்கள். தானியக் கிடங்குத் தொழிலாளர்கள், எலி பிடிக்கும் பழங்குடியினர் போன்றோரில் சிலருக்கு ஹண்டா வகை வைரஸுக்கான எதிர்ப்பொருள் இருந்தது. எப்போதோ தொற்றியிருக்கிறது, யாரும் கண்டுகொள்ளவில்லை. அடமானச் சரக்கை எண்ணிப் பார்க்க நானும் எத்தனையோ குடோன்களுக்குப் போயிருக்கிறேன். மூட்டையைத் தட்டினால் எழும் தூசியில் என்னவெல்லாம் இருக்கும் என்று இப்போது யோசிக்கிறேன். நான் அரை மணியில் வெளியே வந்துவிடுவேன். அங்கே மூட்டை தூக்குகிறவர் நாள் முழுக்க உள்ளே இருக்கிறார்.

பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. நம் நாட்டில் காய்ச்சலும் மூச்சுத்திணறலும் சேர்ந்து வந்தால் டாக்டர்கள் முதலில் நினைக்க வேண்டியது எலிக்காய்ச்சல், ஸ்க்ரப் டைஃபஸ், டெங்கு, ஃபுளூ போன்றவைதான். முதல் இரண்டுக்கும் நல்ல மருந்து இருக்கிறது, சீக்கிரம் கொடுத்தால் பிழைப்பார்கள். ஆனால் டாக்டரிடம் போகும்போது "எலிப்புழுக்கை கூட்டினேன்", "வயல் தண்ணியில நின்னேன்" என்று நாமாகச் சொல்வதில் செலவு ஒன்றும் இல்லை.

நம்மைப் போல வெளியூரில் இருப்பவர்களுக்கு இன்னொன்று. வருடத்துக்கு ஒருமுறை மே மாதம் ஊருக்குப் போய், பூட்டிக் கிடந்த வீட்டைத் திறந்ததும் முதல் வேலையாகத் துடைப்பத்தை எடுப்போம். தூசி பறக்கும், குழந்தைகள் அங்கேயே ஓடும். அமெரிக்கச் சுகாதாரத் துறையினர் சொல்லும் முறை வேறு. கதவு ஜன்னலைத் திறந்துவிட்டு அரை மணி நேரம் வெளியே இருங்கள். காய்ந்த புழுக்கையைப் பெருக்காதீர்கள். கையுறை போட்டுக்கொண்டு, ஒரு பங்கு பிளீச் திரவத்துக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து, புழுக்கை மேல் நன்றாக நனையும்படி தெளித்து ஐந்து நிமிடம் விடுங்கள். பிறகு பழைய பேப்பரால் வழித்தெடுத்துப் பையில் கட்டிப் போட்டுவிட்டு, தரையை அதே தண்ணீரால் துடையுங்கள். துடைப்பத்தை அதற்கப்புறம் எடுத்தால் போதும்.